அல்பைட் என்ற கனிமத்தில் சிலிக்கான்–ஆக்சிஜன் விகிதம் 3:8 வருகிறது. இது எந்த வகை சிலிக்கேட்?

கேள்வி:
ஒற்றைச் சங்கிலிக்கு 1:3, இரட்டைச் சங்கிலிக்கு 4:11, தாளுக்கு 2:5, முப்பரிமாணச் சட்டத்துக்கு 1:2 என்று படித்தேன். அல்பைட்டில் சோடியம் 1, அலுமினியம் 1, சிலிக்கான் 3, ஆக்சிஜன் 8. இந்த 3:8 எதிலும் சேரவில்லை. 4:11க்குத்தான் கிட்ட வருகிறது. எங்கே தவறு?

பதில் 1:
அலுமினியத்தை விட்டுவிட்டீர்கள். சிலிக்கேட்டின் அடிப்படை அலகு நான்முகி: நடுவே ஒரு சிலிக்கான், நான்கு மூலையிலும் ஆக்சிஜன். அல்பைட்டில் நான்கு நான்முகிகளுக்கு ஒன்றின் நடுவே சிலிக்கானுக்குப் பதில் அலுமினியம் உட்கார்ந்திருக்கிறது. ஆக 4:8, அதாவது 1:2. சட்டம்தான். +4 இருக்க வேண்டிய இடத்தில் +3 வந்ததால் குறைந்த ஒரு மின்சுமையை ஈடுகட்டத்தான் சோடியம். அனார்த்தைட்டில் அலுமினியம் இரண்டு, அதனால் +2 கால்சியம்.

விகிதங்களை மனப்பாடம் செய்வதைவிட எண்ணிப் பாருங்கள். பக்கத்து நான்முகியோடு பங்கிட்ட ஆக்சிஜன் அரை, பங்கிடாதது ஒன்று. ஒற்றைச் சங்கிலியில் இரண்டு மூலை பங்கு: 1+1+½+½ = 3. இரட்டைச் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு நான்முகி மூன்றாவது மூலையையும் பங்கிடும், அதற்கு 2½. இரண்டும் சேர்ந்து 5½, இரட்டித்தால் 4:11.

பதில் 2:
அதற்காக எல்லா அலுமினியத்தையும் கூட்டிவிடாதீர்கள். மஸ்கோவைட்டில், அதாவது வெள்ளைக் காக்காப்பொன்னில், சிலிக்கான் 3, அலுமினியம் 3. அதில் ஒன்றுதான் நான்முகியில். மற்ற இரண்டும் ஆறு ஆக்சிஜன் சூழ, இரண்டு தாள்களுக்கு நடுவே. ஹைட்ராக்சில் (OH) ஆக்சிஜனையும் கழித்தால் 4:10, தாள். இந்த அடுக்குகளைப் பொட்டாசியம் லேசாகத்தான் பிடித்திருக்கிறது. நகத்தால் உரிக்க வருவது அங்கேதான்.

கயனைட்டில் சிலிக்கான் 1, ஆக்சிஜன் 5. நான்குக்கு மேல் போனாலே ஏதோ ஒரு ஆக்சிஜன் சிலிக்கானைத் தொடவில்லை என்று பொருள். தனி நான்முகி வகை அது.

பதில் 3:
1:3 என்றாலே சங்கிலி என்றும் முடிவு கட்டக் கூடாது. பெரிலில் 6:18, ஆனால் ஆறு நான்முகி வளையம்.

நுண்ணோக்கியில் பாறையின் மெல்லிய சீவலை வைத்து பைராக்சீனா (ஒற்றைச் சங்கிலி) ஆம்ஃபிபோலா (இரட்டைச் சங்கிலி) என்று பார்க்க, பிளவுக் கோணம், அதாவது கனிமம் இயல்பாகப் பிளக்கும் இரு தளங்களுக்கு இடையிலான கோணம், முன்னதில் ஏறத்தாழ 87°, பின்னதில் 56°. சங்கிலிக்குக் குறுக்கே வெட்டுப்பட்ட கனிம மணியில் மட்டும் அளக்கவும். குவியத்தை ஏற்றி இறக்கும்போது இரண்டு பிளவுக் கோடுகளும் பக்கவாட்டில் நகர்ந்தால் வெட்டு சாய்ந்திருக்கிறது, கோணம் பொய்யாகும். பல்லாவரம் சார்னோகைட் பாறையில் உள்ள ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சீன் இதற்கு நல்ல பயிற்சி.

கேட்டவர்:
ட்ரெமோலைட் என்ற ஆம்ஃபிபோலில் போட்டுப் பார்த்தேன். ஆக்சிஜன் 24, ஹைட்ராக்சிலுக்கு 2 போக 22. சிலிக்கான் 8. 4:11 சரியாக வந்துவிட்டது. நன்றி!