ஒரே பல்பகுதியம் சீனியை உணர்ந்து இன்சுலினையும் விடுவிக்குமா?

வெள்ளவத்தை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். நான் கொழும்பில் இரசாயனவியல் இறுதியாண்டு மாணவி. தூண்டலுக்கேற்ப உருமாறும் பல்பகுதியங்கள் (பொலிமர்கள், அதாவது சிறு அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகள்) பற்றி மீளாய்வுக் கட்டுரை ஒன்று எழுத வேண்டியிருப்பதால் மூன்று வாரங்களாக வாசித்து வருகிறேன். இரண்டு இடங்களில் தடுக்கி நிற்கிறேன்.

இப்பொருட்கள் வெப்பநிலையை, பீ.எச். பெறுமானத்தை, குளுக்கோசை "உணர்கின்றன" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நரம்போ மின்சுற்றோ இல்லாத ஒரு சங்கிலி மூலக்கூறில் உணர்வது எது? மாற்றம் படிப்படியாக நிகழாமல் ஓரிரு பாகைக்குள் சடுதியாக நிகழ்வது ஏன்? இது முதல் ஐயம்.

அடுத்தது வீட்டில் இருந்து வருகிறது. என் அம்மம்மாவுக்கு நீண்ட காலமாகச் சீனி வருத்தம். காலையும் மாலையும் இன்சுலின் போட்டுவிடுபவள் நான்தான். இரத்தத்தில் குளுக்கோசு கூடும்போது தானாகவே இன்சுலினை விடுவிக்கும் முறையொன்றைப் பிரவுன்லி, செராமி என்ற ஆய்வாளர்கள் 1979 ஆம் ஆண்டிலேயே முன்வைத்துவிட்டார்கள் என்று வாசித்தபோது, "அப்படியானால் நான் ஏன் இன்னும் ஊசியோடு நிற்கிறேன்?" என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. உணரும் வேலையையும் மருந்து விடும் வேலையையும் ஒரே பொருளால் செய்ய முடியுமென்றால், அது பாமசிக்கு வந்து சேராததற்கு விலைதான் காரணமா, அல்லது இரசாயனத்திலேயே ஏதேனும் சிக்கல் உண்டா?

ஜெல்காரன்:

சகோதரி, "உணர்கிறது" என்ற சொல்லைச் சற்று ஒதுக்கிவைத்தால் முதல் ஐயம் பாதி தீர்ந்துவிடும். தராசு எடையை உணர்வதில்லை. இரண்டு தட்டுகளும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்போது ஒரு மிளகு விழுந்தாலும் சாய்கிறது, அவ்வளவுதான். இந்தப் பல்பகுதியங்களும் அப்படிச் சமநிலையின் விளிம்பில் நிறுத்தி வைக்கப்பட்டவை.

எல்லோரும் எடுக்கும் உதாரணத்தையே எடுக்கிறேன். பொலி என்-ஐசோபுரோப்பைல் அக்கிரிலமைட்டின் ஒவ்வோர் அலகிலும் நீரோடு ஐதரசன் பிணைப்பு உண்டாக்கும் அமைட்டு அணுக்கூட்டம் ஒன்றும், நீரை வெறுக்கும் ஐசோபுரோப்பைல் கூட்டம் ஒன்றும் அருகருகே உள்ளன. குளிர்ந்த நீரில் அமைட்டின் கை ஓங்கியிருப்பதால் சங்கிலி விரிந்து கரைந்திருக்கிறது. ஆனால் ஐசோபுரோப்பைலைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒழுங்காக அணிவகுத்து நிற்க வேண்டியிருக்கிறது. அந்த ஒழுங்குக்கு எந்திரப்பியில் (ஒழுங்கின்மையின் அளவில்) விலை கொடுக்க வேண்டும், அவ்விலையோ வெப்பநிலையோடு ஏறிக்கொண்டே போகிறது. ஏறத்தாழ 32 பாகை செல்சியசில் விலை கட்டுப்படியாகாமல் போகவே, நீர் மூலக்கூறுகள் விலகி ஓட, ஐசோபுரோப்பைல் கூட்டங்கள் ஒன்றையொன்று அணைத்துச் சங்கிலி சுருண்டு விழுகிறது. நூற்றுக்கணக்கான அலகுகள் ஒரே சங்கிலியில் கட்டுண்டிருப்பதால் ஓரிடத்தில் தொடங்கிய சுருக்கம் அயலையும் இழுக்கிறது. சடுதியாக நடப்பதற்குக் காரணம் அந்தக் கூட்டுச் செயல்தான். அலகுகள் தனித்தனியே மிதந்தால் இவ்வளவு கூர்மை வராது. இந்த 32 பாகை நடத்தையை ஹெஸ்கின்ஸ், கில்லெட் இருவரும் 1968 இல் விவரித்தார்கள். குறுக்குப் பிணைப்பிட்ட ஜெல் (சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்த, திரவம் ஊறிய வலை) ஒன்று சிறியதொரு மாற்றத்துக்கே சடுதியாகத் தன் கனவளவைப் பெருமளவு இழக்கக்கூடும் என்பதை 1978 இல் டொயோயிச்சி தனக்கா காட்டினார்.

கொழும்பில் இந்தப் பல்பகுதியத்தோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்ட 2022 மார்ச் இறுதியில், குளிரூட்டி நின்றுபோன ஆய்வுகூடத்தில், உப்புத் தாங்கற் கரைசலில் கரைத்து மேசையில் வைத்திருந்த என் குழாய்கள் மதியம் கடந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாலாக வெளுத்தன. உப்பு இருந்தால் அந்த 32 பாகை இன்னும் கீழே இறங்கும். நம் மத்தியான வெயிலோ அதை எட்டிப் பிடித்துவிடும். குழாயை இரண்டு விரல்களால் பிடித்துப் பனிநீரில் அமிழ்த்தினால் அடியில் இருந்து மெல்லத் தெளிந்து ஏறுவது பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வாரத்து அளவீடுகள் அனைத்தும் வீண்.

இனி அம்மம்மாவின் விடயம். பிரவுன்லியும் செராமியும் கையாண்டது பல்பகுதியமன்று; அவரை இனத்து விதையொன்றில் இருந்து பெறப்படும் கொன்கனவலின் என்ற புரதத்தில், சீனி ஏற்றிய இன்சுலினைக் கட்டிவைத்தார்கள். குளுக்கோசு வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ள இன்சுலின் வெளியேறும். அப்புரதம் உடலுக்கு ஒவ்வாதது என்பதால் பின்வந்த பலர் பீனைல்போரோனிக் அமிலம் கோத்த பல்பகுதிய ஜெல்லை நாடினார்கள். குருதியின் பீ.எச். 7.4 இல் அந்த அமிலம் பெரும்பாலும் ஏற்றமற்றிருக்கும். குளுக்கோசின் இரண்டு ஐதரொட்சில் கூட்டங்களைப் பற்றிக்கொண்டதும் மறையேற்றம் பெற்ற வடிவம் நிலைபெறும். ஜெல்லுக்குள் ஏற்றம் கூடக்கூட அதைச் சமப்படுத்தும் அயன்களும் அவற்றின் பின்னே நீரும் உள்ளே நுழைகின்றன. ஜெல் வீங்குகிறது, வலைக் கண்கள் விரிகின்றன, அடைத்து வைத்த இன்சுலின் கசிகிறது. தாளில் எழுதும்போது மிக நேர்த்தியான பொறிமுறை.

சிக்கல் மூடும்போதுதான் தொடங்குகிறது. ஜெல் வீங்கவும் சுருங்கவும் எடுக்கும் நேரம் அதன் பருமனின் வர்க்கத்தோடு கூடுகிறது. விட்டத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் நேரம் நூற்றில் ஒன்றாகும். மறுதலையாக, ஒரு வாரத்து மருந்தைத் தாங்கும் அளவுக்கு ஜெல்லைப் பெரிதாக்கினால் அது சாப்பாட்டின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. சீனி இறங்கிய பின்னும் அது கசிந்துகொண்டேயிருந்தால் நோயாளிக்குக் குளுக்கோசு அடிமட்டத்துக்குப் போய்விடும். இரத்த அழுத்த மாத்திரை பத்து நிமிடம் பிந்தினால் பொறுக்கலாம். நள்ளிரவில் மிகையாகக் கசிந்த இன்சுலினைப் பொறுக்க முடியாது. ஆகவே விலை இரண்டாம் காரணம்தான் என்பது என் கருத்து.

கொட்டாஞ்சேனை மருந்தாளர்:

ஜெல்காரன் எழுதியதோடு உடன்படுகிறேன், எனினும் "பாமசிக்கு வந்து சேரவில்லை" என்ற வரியை மட்டும் திருத்த விரும்புகிறேன். தூண்டலுக்கு இசையும் பல்பகுதியத்தை நான் தினமும் எண்ணிக் கொடுக்கிறேன். குடலில் கரையும் பூச்சுள்ள அஸ்பிரின், ஒமெப்பிரசோல் வில்லைகளுக்குள் இருக்கும் சிறு மணிகள் ஆகியவை பீ.எச். பார்த்துத் திறப்பவைதாம். இத்தகைய பூச்சுகளில் பல, மெதக்கிரிலிக் அமிலத்தை வேறோர் அலகோடு கோத்த இணைப் பல்பகுதியங்கள். இரைப்பையின் கடும் அமிலத்தில் காபொட்சிலிக் கூட்டங்கள் ஏற்றமின்றி இருப்பதால் பூச்சு கரைவதில்லை, சிறுகுடலில் பீ.எச். 5.5 ஐத் தாண்டியதும் அவை அயனாகி ஒன்றையொன்று தள்ள, பூச்சு கரைந்து மருந்து வெளிவருகிறது. பெருங்குடல் அழற்சிக்கான மெசலசின் மாத்திரைகளில் 7 ஐத் தாண்டினால்தான் கரையும் வகையைப் பூசுகிறார்கள், மருந்து இன்னும் கீழே போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. இது ஒருமுறை திறக்கும் கதவு, மூடத் தேவையில்லை. சந்தையில் நிலைத்ததற்கு அதுவே காரணமென்று நினைக்கிறேன்.

இவ்வளவு இரசாயனத்தையும் ஒரு பாக்குரல் தோற்கடித்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். சென்ற மாதம் ஓர் ஐயா, பூச்சுள்ள அஸ்பிரின் மாத்திரை போட்ட பின் வயிறு எரிவதாக முறையிட்டார். விசாரித்ததில், விழுங்கக் கஷ்டம் என்று வீட்டில் அதைப் பாக்குரலில் இடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பூச்சு போனால் அது வெறும் அஸ்பிரின். கடதாசி உறையில் "உடைக்க வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுப்பதை அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன்.

தேயிலைச் சாயம்:

மருந்து விடுவதைப் பற்றியே பேச்சுப் போகிறது. உணர்தலின் பக்கத்தில் ஒன்றை விட்டுவிட்டோம். எளிய பீனைல்போரோனிக் அமிலம் குளுக்கோசைவிடப் பிரக்டோசைப் பல மடங்கு இறுக்கமாகப் பற்றும். அருகருகே இரண்டு ஐதரொட்சில் கூட்டங்கள் வாகாக அமைந்த எதுவும் அதற்கு உறவுதான். அகலத் திறந்த கையைவிட அளவெடுத்துத் தைத்த சட்டை வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் மூலக்கூற்றுப் பதிவு முறை.

செய்முறை இதுதான். பிடிக்க வேண்டிய மூலக்கூறை அச்சாக வைத்து, அதனோடு ஐதரசன் பிணைப்பால் ஒட்டிக்கொள்ளும் மெதக்கிரிலிக் அமிலம் போன்ற ஒருபகுதியங்களை (பல்பகுதியமாகக் கோக்கப்படும் சிறு அலகுகளை) அதைச் சூழ நிற்கவிட்டு, குறுக்குப் பிணைப்பு முகவரை நிறையச் சேர்த்து இறுக்கிவிட வேண்டும். பின்னர் அச்சைக் கழுவி எடுத்தால், அதன் வடிவமும் பிணைப்புப் புள்ளிகளும் பதிந்த குழிகள் எஞ்சும். கிளவுஸ் மொஸ்பாக்கின் குழு 1993 இல் தியோபிலினுக்கு இப்படிச் செய்து காட்டியது. ஆஸ்த்மாவுக்குக் கொடுக்கும் தியோபிலின், குருதியில் மில்லிலீற்றருக்கு 10 முதல் 20 மைக்குரோகிராம் என்ற குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டிய மருந்து. அதற்கும் நம் பிளேன்டீயில் உள்ள கஃபீனுக்கும் உள்ள வேறுபாடு ஒரேயொரு மெதைல் கூட்டம்தான். அந்தக் குழி கஃபீனை ஏறக்குறையத் தட்டிக்கழித்தது. தியோபிலினையே 1888 இல் கொசெல் தேயிலையில் இருந்துதான் பிரித்தெடுத்தார் என்பதால் எனக்கு இந்த உதாரணத்தில் சற்றுக் கூடுதல் பாசம்.

ஆனால் குறைகளை மறைக்கக்கூடாது. ஐதரசன் பிணைப்பை நம்பிய குழி குளோரோபோமில் நன்றாக வேலை செய்யும். நீரில் போட்டால் நீரே அப்பிணைப்புகளைப் பறித்துக்கொள்ளும், குருதியோ பெரும்பாலும் நீர். போதாக்குறைக்கு அச்சை முழுதாகக் கழுவுவது முடியாத காரியம். நான் தயாரித்த தூளை அசற்றிக் அமிலம் கலந்த மெதனோலில் மூன்று நாள் கழுவி, சுத்தமாகிவிட்டதென்று நம்பி வெற்று நீரில் இட்டேன். கருவி தியோபிலின் இருப்பதாகக் காட்டியது. என் குழிகளே கசியவிட்ட தியோபிலின் அது.

வெள்ளவத்தை வாசகி:

மூவருக்கும் மிக்க நன்றி. இப்போது இன்னொரு கேள்வி. இலண்டனில் இருந்து வந்த மாமா, கையின் மேற்பகுதியில் ஒட்டினால் பதினான்கு நாள் குளுக்கோசு காட்டும் வில்லை ஒன்றை அம்மம்மாவுக்குக் கொண்டுவந்து ஒட்டிவிட்டார். அதற்குள் இந்தப் பல்பகுதியங்கள் ஏதும் உண்டா, அல்லது அது முழுக்க மின்னணுவியலா?

ஜெல்காரன்:

உண்டு, நல்ல கேள்வி. நீங்கள் சொல்வது ஃபிரீஸ்டைல் லிப்ரே வகையாக இருந்தால், தோலுக்குள் நிற்கும் அந்த மயிரிழை முனையில் குளுக்கோசு ஒட்சிடேசு நொதியத்தோடு ஒசுமியம் அணுக்களைத் தாங்கிய ஒரு பல்பகுதியமும் பூசப்பட்டிருக்கிறது. வழக்கமாக இந்நொதியம் தான் பெற்ற இலத்திரன்களை ஒட்சிசனிடம் ஒப்படைத்து ஐதரசன் பேரொட்சைட்டை உண்டாக்கும்; இங்கே இலத்திரன்கள் ஒசுமியத்தில் இருந்து ஒசுமியத்துக்குத் தாவி மின்வாய்க்குப் போகின்றன. இழையத்தில் ஒட்சிசன் கூடினாலும் குறைந்தாலும் அளவீடு அதனால் பெரிதாகக் குழம்பாமல் இருப்பதற்கு இதுவே காரணம். அடம் ஹெல்லர் வளர்த்தெடுத்த முறை இது.

உங்கள் கட்டுரைக்கு அதைவிடப் பொருத்தமானது எவர்சென்ஸ். அமெரிக்காவில் 2018 இல் 90 நாட்களுக்கும் 2024 இல் ஒரு வருடத்துக்கும் அனுமதி பெற்ற, தோலுக்கடியில் பதிக்கும் சிறு உருளை. அதன் மேலுள்ள ஜெல்லில் போரோனிக் அமிலம் தாங்கிய ஒளிர்பொருள் இருக்கிறது. குளுக்கோசு கட்டுண்டால் ஒளிர்வு கூடும். நொதியமே இல்லை. அதே உருளையில் ஒரு சிலிக்கோன் வளையம் இருந்து, சுற்றியுள்ள அழற்சியைத் தணிக்க டெக்சமெதசோனைச் சிறுகச் சிறுக விடுகிறது. நீங்கள் கேட்ட "உணர்தலும் விடுதலும் ஒரே பொருளில்" என்பது இங்கே ஒருவகையில் நிறைவேறியிருக்கிறது. ஆனால் விடப்படுவது இன்சுலின் அன்று, உணரும் ஜெல்லும் விடும் வளையமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதும் இல்லை.

இரண்டையும் உண்மையாகவே இணைத்தவை நுண்ணூசி ஒட்டுகள், அதாவது மிகச் சிறு ஊசிகள் பதித்த, தோலில் ஒட்டும் பட்டைகள். 2015 இல் வெளிவந்த ஆய்வொன்றில், குளுக்கோசு ஒட்சிடேசு ஒட்சிசனைத் தின்று தீர்ப்பதையே சமிக்ஞையாக்கி, இன்சுலின் பொதிந்த நுண்குமிழிகளை எலிகளில் அவிழச் செய்தார்கள். 2020 இல் பீனைல்போரோனிக் அமில ஒட்டைச் சிறுவகைப் பன்றிகளில் சோதித்தார்கள். ஊசிகள் மிகச் சிறியவை என்பதால் நான் முன்பு சொன்ன வர்க்க விதி இங்கே நமக்குச் சாதகமாகிறது. ஒட்டைப் பிய்த்து எடுத்தால் மருந்தும் நின்றுவிடும் என்பது உடலுக்குள் பதித்த ஜெல்லுக்கு இல்லாத பாதுகாப்பு.

கட்டுரையில் "விடுவிக்கும் வேகம்" என்ற வரைபைப் பலரும் போடுவார்கள். நீங்களோ, குளுக்கோசை டெசிலீற்றருக்கு 400 இல் இருந்து 100 மில்லிகிராமுக்கு இறக்கிய பின்னர் எவ்வளவு நேரம் கசிவு தொடர்ந்தது என்பதைக் காட்டும் வரைபுகளைத் தேடிப் பொறுக்குங்கள். பல கட்டுரைகளில் அந்தப் பகுதி பிற்சேர்க்கைக்குள் ஒளிந்திருக்கும்.

கொட்டாஞ்சேனை மருந்தாளர்:

இடையில் ஒரு வார்த்தை. வில்லை காட்டுவது குருதியின் அளவை அல்ல, தோலுக்கடியில் உள்ள திரவத்தின் அளவை. சீனி விரைவாக ஏறும்போதும் இறங்கும்போதும் அது சில நிமிடங்கள் பிந்தியே காட்டும். அம்மம்மாவுக்கு வியர்த்து, கை நடுங்கி, வில்லை மட்டும் எல்லாம் சரி என்று காட்டினால் வில்லையை நம்பாதீர்கள். விரலில் குத்திப் பாருங்கள். பார்க்க வசதியில்லாவிட்டால் முதலில் சீனி கரைத்துக் கொடுங்கள்.