அகோண்ட்ரோபிளேசியா குழந்தைகளுக்கு: கொழிஞ்சாம்பாறை பக்கம் உதவி வேணுங்க

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழ்த் தாய்மாருக்காக, அகோண்ட்ரோபிளேசியா (கைகால் எலும்பு குட்டையாக வளரும் பிறவிக் குறை) பற்றி ஒரு பக்கத் தாள் தயாரிக்கிறோம். எளிய தமிழில் திருத்தித் தர ஆள் வேணுங்க. அங்கன்வாடியில் கொடுக்கலாம்.

எஃப்ஜிஎஃப்ஆர்3 மரபணு மாற்றம் எலும்பு வளர்ச்சித் தட்டை (எலும்பு நீளும் நுனிப்பகுதியை) அடக்கிவிடுகிறது. பத்தில் எட்டுக் குழந்தைகளுக்குப் பெற்றோர் சராசரி உயரம்தான். இது புதிதாக வந்த மாற்றம், யார் மேலும் பழி இல்லை.

தாளில் முதலில் வரவேண்டியது உட்காரவைக்கும் விஷயம். ஏழாம் மாதம் ஆச்சே என்று தலையணை முட்டுக்கொடுத்து உட்காரவைத்தால், தளர்ந்த முதுகில் பெரிய தலையின் பாரம் விழுந்து கூன் நிலைத்துவிடலாம். தானாக உட்காரும்வரை காத்திருக்கணும். முதுகு வளையும் துணித் தள்ளுவண்டி, தொங்கும் ஊஞ்சல் இரண்டும் வேண்டாம். தூக்கும்போது தலை, கழுத்து, முதுகு மூன்றையும் தாங்கணும்.

அடுத்தது, தண்டுவடம் இறங்கிவரும் மண்டையோட்டின் அடித்துளை. அது குறுகித் தண்டுவடத்தை அழுத்தினால் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகலாம். அதனால் முதல் வயதுக்குள் தூக்கப் பரிசோதனை (தூங்கும்போது மூச்சைக் கவனிக்கும் சோதனை) அவசியம். சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ. தலைச்சுற்றளவை இக்குழந்தைகளுக்கான தனி வரைபடத்தில்தான் குறிக்கணும், சாதாரண வரைபடம் வீண் பயம் தரும்.

இக்குழந்தைகளின் எலும்பு வளர்ச்சிக்கான மருந்து வோசோரிடைட், தினசரி தோலடி ஊசி. வளர்ச்சித் தட்டு மூடும்வரைதான் பயன். 52 வார ஆய்வில் ஆண்டுக்குச் சுமார் 1.6 செமீ கூடுதல் வளர்ச்சி. ரத்த அழுத்தம் இறங்கலாம் என்பதால், சாப்பிட்டு நீராகாரம் குடித்தபின் போடணும்.

கோவை அல்லது திருச்சூரில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தூக்கப் பரிசோதனை செய்யும் இடம், கட்டணம், காத்திருப்பு நாள் தெரிந்தவங்க கீழே எழுதுங்க. இதுதான் இப்போ அவசரம்.