செங்கலை முதலில் நனைக்க வேண்டும்

வீடு கட்டும் தொண்டூழியத்தில் மறக்க முடியாத சந்திப்பு எது என்று இந்த மன்றத்தில் கேட்டிருந்தீர்கள். என்னுடையது இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் நடந்தது.

சிங்கப்பூரின் ஹார்பர்ஃபிரண்ட் படகுத்துறையிலிருந்து படகேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுவதால், கிளம்பிய நேரத்திலேயே போய் இறங்கியது போலிருக்கும். ஏழைகளுக்கு வீடு கட்ட உதவும் அமைப்பான ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டியின் சிங்கப்பூர்க் கிளை வழியாகப் போனோம். பெரும்பாலோர் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். கரணையைக் கையில் எடுத்தது எனக்கு அதுவே முதல் தடவை.

கொத்தனார் நூல் பிடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சுவருக்குப் போய்விட்டார். சாந்தைப் பரப்பி, கல்லை வைத்து, கரணைக் காம்பால் தட்டி, ஒரு வரிசையை முடித்தேன். நூலுக்கு நேராகத்தான் இருந்தது. அப்போது வீட்டுக்கார அம்மா வந்தார். முக்காட்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, நான் வைத்த கல்லை இரண்டு விரலால் தூக்கினார். கல் மட்டும் தனியாக வந்தது. சாந்து பொடிப் பொடியாகக் கீழேயே கிடந்தது. “பாசா டுலு” என்றார். முதலில் நனை. எனக்குத் தெரிந்த பாசார் மலாய்க்கு, அதாவது கடைத்தெரு மலாய்க்கு, அது போதும். வெயிலில் கிடந்த செங்கல் சாந்திலுள்ள தண்ணீரைக் குடித்துவிடும். பிறகு பிடிப்பு ஏது? கல்லை வாளியில் போட்டு, குமிழி அடங்கும்வரை காத்திருந்து எடுத்துக் கொடுத்தார். அன்று மாலைவரை அவர்தான் எனக்கு மேஸ்திரி.

ஏழைக்கு வீட்டைத் தானமாகக் கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்போடுதான் நான் படகேறினேன். 1976-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கிய அந்த அமைப்பின் வழக்கமோ வேறு. குடும்பமும் தன் உழைப்பைப் போட வேண்டும். பல இடங்களில் லாபம் வைக்காத தவணையில் பணத்தையும் கட்ட வேண்டும். எங்களுக்கு அது சில நாள் வேலை. சுவர் பிசகினால் அதன் கீழே படுத்துறங்கப் போகிறவர் அந்த அம்மா.

ஊர் திரும்பி அப்பாவிடம் சொன்னேன். அவர் அத்தாப்பு ஓலைக் கூரையின் கீழ் வளர்ந்தவர். 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாளன்று, சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீயில் ஏறத்தாழ 16,000 பேரின் வீடுகள் எரிந்தபோது எழுந்த புகையைப் பார்த்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அந்த அம்மாவிடம் கேட்டீர்களா?” எங்களில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

மற்றோர் உறுப்பினர்:

உங்கள் அப்பாவின் கேள்வி என்னை நன்றாகவே தைத்தது. நான் கடல் தாண்டிப் போனதில்லை. இங்கே சிங்கப்பூரிலேயே, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வாடகை வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்களின் வீட்டைச் சுத்தம் செய்து வெள்ளையடிக்கும் குழுவில் இருக்கிறேன்.

புக்கிட் மேராவில் ஓர் ஓரறை வீடு. மூட்டைப்பூச்சி ஏறிய மெத்தையை வெளியேற்றி, மருந்தடித்து, நடு வீட்டில் குறுக்கே நின்ற அலமாரியைச் சுவரோரம் ஒதுக்கினோம். வீடே விரிந்துவிட்டது. எல்லோருக்கும் பெருமிதம். ஐயா கைகூப்பி வழியனுப்பினார்.

அடுத்த வாரம் புது மெத்தையோடு போனால், அலமாரி பழையபடி குறுக்கே நின்றது. எழுபத்தெட்டு வயதில் தனியாளாக இழுத்திருக்கிறார். முழங்கையில் சிராய்ப்பு. இரவில் கழிவறைக்கு எழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டுதான் பாதித் தூரம் நடப்பாராம். நாங்கள் மனம் வருந்தக் கூடாது என்று அன்றைக்குச் சொல்லவில்லையாம்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்பே அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறேன்: “ஐயா, இருட்டில் எதைப் பிடித்து நடப்பீர்கள்?”