மைக் இல்லாத மாணவர் கச்சேரி: பாட்டை அமுக்கும் மிருதங்கத்துக்கு என்ன வழி?

சமுதாயக்கூடம்:
எங்கள் குடியிருப்பில் இசைக் கல்லூரி மாணவர்கள் கச்சேரி, மைக் கிடையாது. ஹால் 40 அடிக்கு 25 அடி, மொசைக் தரை. நீளவாக்கில் ஒரு பக்கம் வெறும் சுவர், மற்ற மூன்று பக்கமும் கண்ணாடி ஜன்னல். 70 பேர் வருவார்கள். முதல் 45 நிமிடம் ஒரு மாணவி (பாடும் சுருதி 5½ கட்டை), அடுத்த 45 ஒரு மாணவர் (1½ கட்டை). இருவருக்கும் அதே வயலின், மிருதங்கம், கடம். மேடை ஒரு கோடியில். ஒத்திகையில் மிருதங்கம்தான் கேட்கிறது, சாகித்யம் (பாட்டின் சொற்கள்) காதில் விழவில்லை. என்ன செய்யலாம்?

ஜமுக்காளம்:
மேடையைக் கோடியிலிருந்து எடுத்து அந்த வெறும் சுவரின் நடுவில் போடுங்கள். வளைவாக நாலு வரிசை போட்டால் கடைசி ஆளும் 20 அடிக்குள் இருப்பார். பாடுபவருக்குப் பின்னால் துணி பேனர் வேண்டவே வேண்டாம். குரலைத் திருப்பித் தருவது அந்தச் சுவர்தான், துணி அதைக் குடித்துவிடும். எதிரே உள்ள கண்ணாடிக்குத்தான் கனமான திரை தேவை. காலி ஹாலில் ஒலி கூடுதலாக முழங்கும், ஆட்கள் நிறைந்ததும் பாதி அடங்கிவிடும். அதனால் ஒத்திகையில் கேட்டதை வைத்து ரொம்பக் கலங்க வேண்டாம்.

மேடைக்கு மேலுள்ள மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இறக்கை சுற்றச் சுற்ற நீள் ஸ்வரம் நடுங்கும். ஏசியை முன்கூட்டியே ஓடவிட்டு, பாட்டு தொடங்கும்போது அணைத்துவிடலாம்.

வலந்தலை:
மிருதங்கக்காரர் பாடகருக்கு வலப்பக்கம் உட்கார்வதால் வலந்தலை (மிருதங்கத்தின் வலக்கை முகம்) நேரே சபையைப் பார்க்கிறது. மைக் இல்லாதபோது அவரை ஒரு அடி பின்னுக்குத் தள்ளி, வாத்தியத்தைச் சற்று உள்பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். சாகித்யம் ஓடும்போது விரல் சொற்களே போதும். சாப்பை (கணீரென்று ஒலிக்கும் அடி) நிரவலுக்கும் (ஒரு வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் இடம்) தனி ஆவர்த்தனத்துக்கும் வைத்துக்கொள்ளட்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் சுருதி. ஒரு மிருதங்கத்தைக் கல்லும் மரத்துண்டும் கொண்டு அரைக் கட்டை, மிஞ்சினால் ஒரு கட்டை ஏற்றி இறக்கலாம். 5½இலிருந்து 1½க்கு வராது, வலிந்து மாற்றினால் நாதமே செத்துவிடும். மாணவிக்குத் தக்கு (தாழ்ந்த சுருதி மிருதங்கம்), மாணவருக்கு ஹெச்சு (உயர்ந்த சுருதி மிருதங்கம்) என்று இரண்டு வேண்டும். கடம் சுட்ட மண், அதன் சுருதியை இந்த அளவுக்கு மாற்ற முடியாது. இரண்டு கடம் கிடைக்காவிட்டால் ஒரு பாதியில் கடம் இல்லாமலே நடக்கட்டும்.

தொப்பிக்கு (மிருதங்கத்தின் இடக்கை முகம்) ரவையைத் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து, அந்தந்தப் பாதிக்குக் கால் மணி முன்பு ஒட்டினால் போதும். முன்கூட்டியே ஒட்டினால் ஏசியில் காய்ந்து, தொப்பியின் சுருதி ஏறிவிடும். காய்ந்தால் விரலால் நீர் தொட்டுத் தடவலாம்.

ஜீவாநூல்:
வயலினும் அப்படித்தான். 5½க்குக் கட்டிய தந்தியை 1½க்குத் தளர்த்தினால் வில் வழுக்கும், தந்தி நிற்காது. கனமான தந்தி போட்ட இரண்டாவது வயலினை முன்பே சேர்த்து வையுங்கள். புதுத் தந்தி இரண்டு நாளாவது இழுபட்டிருக்க வேண்டும். தம்புராவும் இரண்டு. ஜீவா (தந்திக்கும் குதிரைக்கும் நடுவே வைக்கும் நூல்) சரியாக விழுந்தால் நாலு தந்தியும் ஹாலை நிரப்பிவிடும். எலக்ட்ரானிக் பெட்டி என்றால் பாடகரின் முதுகுக்குப் பின்னால் வையுங்கள். கைபேசி ஸ்பீக்கரில் ஆதார ஷட்ஜம் எடுபடாது.

மாற்றிக்கொள்ள 10 நிமிடம் ஒதுக்குங்கள். பொன்னாடை, நன்றியுரை எல்லாவற்றையும் அங்கே வைத்தால் அந்த நேரத்தில் சுருதி கூட்ட முடியாது. அவை கடைசியில் இருக்கட்டும்.

சமுதாயக்கூடம்:
மாணவரை 2½க்கு ஏற்றிப் பாடச் சொல்லலாமா? மந்தர ஸ்தாயி (கீழ் ஸ்வரங்கள்) பின்னால் கேட்கவில்லை.

ஜீவாநூல்:
வேண்டாம். பழகாத சுருதியில் 45 நிமிடம் பாடினால் தார ஸ்தாயியில் (மேல் ஸ்வரங்களில்) தொண்டை கட்டிக்கொள்ளும். சுருதியைத் தொடாமல் உருப்படிகளை மாற்றுங்கள். மந்தரத்தில் நின்று விரியும் கீர்த்தனைகளுக்குப் பதில் பல்லவியே மத்திய ஸ்தாயியில் எடுப்பதாகப் பார்த்து இரண்டு தேர்ந்தெடுக்கட்டும். ஆலாபனையில் மந்தரத்தைத் தொடும்போது மிருதங்கம் எப்படியும் வாசிக்காது, அங்கே கேட்கும்.