சென்னை–தூத்துக்குடி, தூத்துக்குடி–சென்னை: ஒரே வழியில் பறந்துகொண்டே இருந்தால் விமானிக்குச் சலிக்காதா?

முத்துநகர் டிரைவர் கேட்டது:

எனக்கு 53 வயது. 22 வருடமாகத் தூத்துக்குடி–திருச்செந்தூர் பஸ் ஓட்டுகிறேன். மகள் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். விமானியாகத்தான் போவேன் என்று நிற்கிறாள். பணத்துக்கு என்ன வழி என்று ஒரு பக்கம் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் இங்கே கேட்பது வேறு.

முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி என்று அதே ரோடுதான் எனக்கு. முதல் ரெண்டு மூன்று வருடம் ஆசையாக இருந்தது. அப்புறம் சில நாள், ஆறுமுகநேரி வந்த பிறகு, முக்காணி ஆற்றுப் பாலத்தை எப்போது தாண்டினேன் என்று யோசித்தால் நினைவே வராது. வண்டியை ஒழுங்காகத்தான் ஓட்டியிருப்பேன். ஆனாலும் அந்த நிமிடம் வயிற்றைக் கலக்கும். வாகைக்குளத்தில், எங்கள் தூத்துக்குடி விமான நிலையத்தில், இறங்கும் விமானமும் இப்படித் திரும்பத் திரும்ப ஒரே வழிதானே? அதை ஓட்டுகிறவர்களுக்குச் சலிக்குமா? சலித்தால் என்ன செய்வார்கள்? தெரிந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஏடிஆர் கேப்டன்:

அண்ணாச்சி, வணக்கம். எனக்குப் பாளையங்கோட்டை. 11 வருடம் ஏடிஆர் 72 ஓட்டினேன், ப்ரொப்பெல்லர் வைத்த சின்னப் பயணிகள் விமானம். அதில் பெரும்பகுதி நீங்கள் சொல்லும் இதே வழிகள்தான்: சென்னையிலிருந்து தூத்துக்குடி, திருச்சி, சேலம். ஒரு நாளைக்கு நாலு செக்டர் (ஒரு ஊரில் ஏறி அடுத்த ஊரில் இறங்குவது ஒரு செக்டர்), சில நாள் அதற்கும் மேல்.

சலிப்பு உண்டு. ஆனால் எனக்கு அது பெரும்பாலும் தரையில்தான் வந்தது. பயணிகள் இறங்கி, அடுத்தவர்கள் ஏறி, பெட்டி ஏற்றி முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். ஏடிஆரில் தரையில் மின்சாரம் கொடுக்கத் தனி எஞ்சின் கிடையாது. வலது பக்க எஞ்சினை ஓடவிட்டு, அதன் ப்ரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டுப் பிடித்துக்கொள்வோம். ஹோட்டல் மோட் என்று பெயர். அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே நாலாவது தடவையாக அதே தாள்களைச் சரிபார்க்கும்போது எனக்கும் கொட்டாவி வரும்.

மேலே போன பிறகு அதற்கு நேரமில்லை. தூத்துக்குடி நேர்கோட்டில் சுமார் 530 கிலோமீட்டர், ஏடிஆரின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர். 10,000 அடி ஏறும்வரை வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு பேச்சும் பேசக்கூடாது, இறங்கும்போதும் அதே விதி. நடுவில் கிடைக்கிற நேரத்தில் இறங்கும் ஊரின் காற்று, மழை, ஓடுதளம், இறங்கும் வேகம், இறங்க முடியாமல் போனால் எங்கே போவது, எல்லாம் பேசி முடிக்க வேண்டும். சேலம் என்றால் இன்னும் மோசம். ஏறி நிமிர்வதற்குள் இறங்க ஆயத்தம் செய்ய வேண்டும்.

நீண்ட வழியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிங்கப்பூர்–நியூயார்க் விமானம் 15,300 கிலோமீட்டர், 18 மணி நேரத்துக்கும் மேல். விமானிகள் முறை வைத்துத் தூங்கி எழுந்து ஓட்டுவார்கள். கடைசியில் விமானத்தை இறக்குவது அவர்களில் ஒருவர்தான். 90 நாளில் 3 தரையிறக்கமாவது செய்திருக்க வேண்டும் என்ற விதி அவர்களுக்குக் கணக்கு வைத்துப் பார்க்க வேண்டிய விஷயம். நானும் துணை விமானியும் மாறி மாறி இறக்கினாலும், எங்களுக்கு அது ஒன்றரை நாள் வேலை. கையால் விமானம் ஓட்டப் பிடித்தவர்களுக்குச் சின்ன வழிகள்தான் கொடுப்பினை என்பேன்.

வழி ஒன்றுதான், ஆனால் வாகைக்குளம் ஒருநாளும் ஒரே மாதிரி இருந்ததில்லை. ஆடிக்காற்று உங்களுக்குத் தெரியும். மேற்கே கணவாய்களுக்குள் புகுந்து வேகம் பிடித்து வருகிற காற்று. அந்த மாதங்களில் கடல் பக்கமிருந்து, உப்பளங்களுக்கு மேலாக வந்து, மேற்கே பார்த்து இறங்குவோம். கடைசி 500 அடியில் விமானத்தை யாரோ தோளைப் பிடித்து உலுக்குவது மாதிரி இருக்கும். ஒரு வீச்சில் வேகம் ஏறும், அடுத்த நொடி அது விழும், கை அதற்கேற்ப ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது ஓடுதளத்தை 3 கிலோமீட்டருக்கும் மேல் நீட்டிவிட்டார்கள். நான் பறந்த காலத்தில் மொத்தமே 1,350 மீட்டர். கொஞ்சம் மிதந்து மெதுவாக இறங்குவோம் என்ற பேச்சே கிடையாது, குறித்த இடத்தில் சக்கரம் பட்டாக வேண்டும். அப்படி இறங்கிய நாளில் சலிப்பு எங்கிருந்து வரும்?

நீங்கள் சொன்ன முக்காணிப் பாலம்தான் என்னை இவ்வளவு எழுத வைக்கிறது. எனக்கும் அது நடந்திருக்கிறது.

விமானத்தின் உயரம் காட்டும் கருவி காற்றழுத்தத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. இறங்கும் ஊரின் அழுத்தத்தைக் கட்டுப்பாட்டு கோபுரத்தில் கேட்டு, அந்த எண்ணை நாங்கள் திருகி வைக்க வேண்டும். நம் ஊர்களில் அது காலை 10 மணி வாக்கில் உச்சத்தில் இருக்கும், சாயங்காலம் 4 மணி வாக்கில் இறங்கிவிடும். ஒரு நாள் காலையில் தூத்துக்குடியில் அழுத்தம் 1008 (ஹெக்டோபாஸ்கல் என்ற அளவில்). சென்னை போய்த் திரும்பி, மதியத்துக்குமேல் மறுபடி தூத்துக்குடி. கோபுரத்தில் 1004 என்றார்கள். நானும் வாயால் 1004 என்று திருப்பிச் சொன்னேன். கை 1008 வைத்தது. காலையில் வைத்த அதே எண்ணை அது பழக்கத்தில் வைத்துவிட்டது.

4 புள்ளி வித்தியாசம் என்றால் சுமார் 110 அடி. கருவி காட்டுகிற உயரத்தைவிட 110 அடி தாழ்வாகப் பறந்துகொண்டிருப்போம். பக்கத்தில் இருந்த துணை விமானி தன் எண்ணையும் என் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்து, "சார், 1004" என்றார். அவ்வளவுதான். திருத்திக்கொண்டு இறங்கினோம். பயணிகள் யாருக்கும் தெரியாது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சலிப்பை நான் உணர்ந்துவிட முடியும், தண்ணீர் குடிப்பேன், நிமிர்ந்து உட்காருவேன். இந்தப் பழக்கம் அப்படி இல்லை, வந்ததே தெரியாது. அதற்குப் பிறகு ஒன்று செய்தேன். எண்ணைக் காகிதத்தில் எழுதி, வைத்த பிறகு விரலால் கருவியைத் தொட்டு, எழுதியதைப் பார்த்து வாசிப்பேன். நாலாவது செக்டரிலும் அதே மாதிரிதான்.

கேபின் ஜன்னல்:

நானும் ஏடிஆரில் கேபின் வேலை பார்த்தவள், மூன்று வருடம். நாங்கள் ரெண்டு பேர், பயணிகள் 70 பேருக்கு மேல். சேலம் செக்டரில் சீட் பெல்ட் விளக்கு அணைந்து மறுபடி எரிவதற்குள் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்து, குப்பையை வாங்கி முடிக்க வேண்டும். சலிக்க எங்கே நேரம், அங்கிள்?

கேப்டன் சார் சொன்ன ஆடிக்காற்றில் ஒரு தடவை, ஒரு பாட்டி. முதல் விமானப் பயணம். இறங்குவதற்குமுன் நான் சீட் பெல்ட் பார்க்க வந்தபோது என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. விளக்கு எரிந்துவிட்டது, நான் என் இருக்கைக்குப் போயாக வேண்டும். எதிரில்தான் இருப்பேன் பாட்டி, என்னையே பார்த்துக்கொண்டு இருங்கள் என்றேன். சக்கரம் தரையில் படும்வரை கண் கொட்டாமல் பார்த்தார்கள். அதே வழி, அதே அறிவிப்புதான். ஆனால் அந்தப் பாட்டிக்கு அது முதல் தடவை.

வடகடல்:

நான் அபர்டீனில் வேலை பார்க்கிறேன். இங்கே ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று ரெண்டு தீவு. இடையே 2.7 கிலோமீட்டர். 1967லிருந்து லோகன்ஏர் விமானம் ஓடுகிறது, அட்டவணையில் 2 நிமிடம். ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர் என்ற விமானி அதே தாவலை 12,000 தடவைக்கு மேல் பறந்தவர். 53 நொடியில் கடந்த சாதனையும் அவருடையதுதான்.

ஒருமுறை போனேன். சின்ன ஐலாண்டர் விமானம், விமானிக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன், நடுவே தடுப்பு கிடையாது. ஒரே விமானி. அந்த ரெண்டு நிமிடமும் அவர் தலை இடது ஜன்னல், கருவிகள், வலது ஜன்னல் என்று நகர்ந்துகொண்டே இருந்தது. சலித்த ஆளாக எனக்குத் தெரியவில்லை.

முத்துநகர் டிரைவர்:

எல்லோருக்கும் நன்றி. மகளுக்கு வாசித்துக் காட்டினேன். கேப்டன் தம்பி, ஒன்று கேட்கிறாள். தப்பைச் சொன்ன துணை விமானி உங்களைவிடச் சின்னவர்தானே, கேப்டனிடம் அப்படிச் சொல்லப் பயமாக இருந்திருக்காதா என்கிறாள்.

ஏடிஆர் கேப்டன்:

வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது அந்தப் பெண்ணுக்கு. தரையிறங்கிய பிறகு நானும் இதையே கேட்டேன். "எண் தப்பாக இருந்தது சார், அதான் சொன்னேன்" என்றார். பார்த்ததைச் சொல்லாமல் இருப்பதுதான் எங்கள் வேலையில் தப்பு, பயிற்சியிலேயே அதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

அண்ணாச்சி, இன்னொன்று. எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் பணம் கட்டுவதற்குமுன் மகளுக்கு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். அதில் ரெண்டு நிலை: கிளாஸ் 2 முதலில், அதில் தேறியதும் இன்னும் கடுமையான கிளாஸ் 1. கண், காது, இதயம் எல்லாம் பார்ப்பார்கள். பணம் கட்டிய பிறகு அதில் தடைபட்டு நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.