ஹாக்லி ஆய்வு நிதி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். 1951-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறைக்குப் போன யூனிவாக் கணினியை அதற்கப்புறம் தனியார் நிறுவனங்களுக்கு எப்படி விற்றார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. யூனிவாக் கணினிகளைப் பின்னாளில் தயாரித்த ஸ்பெர்ரி-யூனிவாக் நிறுவனத்தின் ஆவணங்கள் அமெரிக்காவின் டெலவேரில் உள்ள ஹாக்லி நூலகத்தில் இருக்கின்றன (1802-இல் டுபோன் குடும்பம் வெடிமருந்து ஆலை தொடங்கிய அதே ஆற்றங்கரை, இடமே ஒரு தொழில் வரலாறு), அங்கே போய்ப் பார்க்காமல் இந்த ஆய்வு நகராது.

அவர்கள் தரும் நிதியில் எனக்கு ஒத்துவருபவை இரண்டு. ஒன்று, ஆவணங்கள் நமக்குப் பயன்படுமா என்று ஒரு வாரம் போய்ப் பார்த்துவருவதற்கானது. இன்னொன்று ஹென்றி பெலின் டுபோன் பெயரில் உள்ளது, அதில் பல வாரம் தங்கி வேலை பார்க்கலாம். நேராகப் பெரியதற்கே விண்ணப்பித்துவிடலாமா, அல்லது முதலில் சின்னதை வாங்கிப் போய்வந்தால்தான் நம்மை மதிப்பார்களா? எனக்கென்னவோ முதல் வழிதான் சரி என்று படுகிறது, நெறியாளர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

அப்புறம், திட்ட வரைவில் எந்த ஆவணத் தொகுப்பு, எந்தப் பெட்டி என்கிற அளவுக்கு எழுத வேண்டுமா, இல்லை கேள்வியை அழுத்தமாக வைத்தால் போதுமா? மினசோட்டாவில் உள்ள சார்லஸ் பாபேஜ் நிலையத்திலும் கணினி வரலாற்றுக்கு உதவி உண்டு, ஒரே வரைவை இரண்டு இடத்துக்கும் அனுப்பியவர்கள் இருந்தால் எதை மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். தேர்வான விண்ணப்பம் ஒன்றைக் காட்ட முடிந்தால் பெரிய உதவி, பெயரை மறைத்து அனுப்பினாலும் போதும்.