டிகேஇன்டர் கிரிட்: விண்டோவை இழுத்தாலும் உள்ளே எதுவும் பெரிதாகவில்லையா?

பைத்தானில் விண்டோ, பொத்தான்கள் அமைக்க உதவும் டிகேஇன்டரில் கிரிட் (விண்டோவைக் கட்டங்களாகப் பிரித்து அடுக்கும் முறை) போடுகிறவர்கள் பலரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது. விண்டோவைப் பெரிதாக்கினால் ஃபார்ம் மட்டும் இடது மேல் மூலையில் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒட்டவேண்டிய பக்கங்களைச் சொல்லும் ஸ்டிக்கியில் நான்கு திசையும் கொடுத்தாலும் அசையாது. ஸ்டிக்கி விட்ஜெட்டை (பொத்தான், பெட்டி போன்ற உறுப்பை) அதன் கட்டத்துக்குள்தான் இழுக்கும்; கட்டமே வளரவில்லையே! வளர்ப்பது வெயிட் என்ற எண். சொல்லாவிட்டால் அது 0. அதை விட்ஜெட்டுக்கு அல்ல, அதைத் தாங்கும் ஃப்ரேமுக்கு (சட்டகத்துக்கு) 'காலம்கன்ஃபிகர்' (நெடுவரிசைக்கு), 'ரோகன்ஃபிகர்' (வரிசைக்கு) வழியாகக் கொடுக்க வேண்டும். ஃப்ரேமுக்குள் ஃப்ரேம் இருந்தால் ரூட் (முதன்மை விண்டோ) வரை ஒவ்வொரு அடுக்கிலும் கொடுங்கள். நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும்.

—

வெயிட் 1, 2 என்று கொடுத்துவிட்டு அகலம் 1:2 ஆகவில்லையே என்று தேடாதீர்கள். வெயிட் பங்கிடுவது மிச்ச இடத்தை மட்டும். இரண்டு நெடுவரிசைகள் முதலில் 100, 50 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோ 90 பிக்சல் வளர்ந்தால் ஒன்றுக்கு 30, மற்றதற்கு 60. ஆக 130, 110. கச்சிதமான விகிதம் வேண்டுமென்றால் இரண்டுக்கும் ஒரே 'யூனிஃபார்ம்' பெயர் கொடுங்கள். கால்குலேட்டர் பொத்தான்களுக்கு இதில்லாமல் சரிவராது.

—

ஒரே ஃப்ரேமுக்குள் பேக்கும் (அடுக்குவதற்கான இன்னொரு முறை) கிரிட்டும் கலக்கவே கூடாது. டிகேஇன்டருக்கு அடியில் இயங்கும் டிகே 8.6 பிழைச் செய்தி காட்டி நிறுத்திவிடும். பழைய பதிப்புகளில் இரண்டும் மாறி மாறி அளவு திருத்தி, புரோகிராம் அப்படியே உறைந்துவிடும். தனித்தனி ஃப்ரேமில் தாராளமாக வைக்கலாம்.

—

மேலே சொன்னவற்றோடு சில்லறை விஷயங்கள். என்ட்ரியை (தட்டச்சுப் பெட்டியை) உருவாக்கும் அதே வரியில் கிரிட்டையும் அழைத்து மாறியில் வைத்தால் கையில் வருவது 'நன்' (None, அதாவது ஒன்றுமில்லை) மட்டுமே. பிறகு பெட்டியில் உள்ளதை எடுக்க 'கெட்' அழைக்கும்போது பிழை வரும். இரண்டு வரியாகப் பிரித்து எழுதுங்கள்.

இடைவெளிக்காக வரிசை எண்ணை 2-இலிருந்து 10-க்குத் தாவவிட்டுப் பயனில்லை. காலி வரிசையின் உயரம் 0. பேட்வை (மேல்-கீழ் இடைவெளி), மின்சைஸ் (குறைந்தபட்ச அளவு) எதற்கு இருக்கின்றன?

தற்காலிகமாக மறைக்க 'கிரிட்_ரிமூவ்'. திரும்ப வெறுமனே கிரிட் என்றாலே பழைய இடத்தில் வந்து உட்காரும். 'கிரிட்_ஃபர்கெட்' எல்லா அமைப்பையும் மறந்துவிடும்.

—

டேப் விசை தாண்டும் வரிசையும் கட்டத்தைப் பார்ப்பதில்லை, ஐயா. விட்ஜெட்டை உருவாக்கிய வரிசைதான் கணக்கு. கட்டத்தை மாற்றி அடுக்கினால் உருவாக்கும் வரிகளையும் மாற்றுங்கள், அல்லது 'லிஃப்ட்' அழைத்து வரிசையைத் திருத்துங்கள்.